அரைச் சுற்று

“பத்து மணிக்கு ஆள் வர்றார். இந்தத் தடவையாவது அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வீட்டை விட்டுப் போகணும். இன்ஜினை நல்லா டியூன் பண்ணி வைங்க!” சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

“அதைத்தாம்மா பண்ணிட்டிருக்கேன்,” என்றார் கணவர்.

இருபது வருடமாக ஞாயிறுதோறும் அவரே டியூன் செய்த இன்ஜின். பிசிறு தட்டாமல் பாடும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, இரண்டு கார்புரேட்டர் திருகுகளையும் அரைச் சுற்று தப்பாகத் திருப்பினார். இன்ஜின் இருமியது, விக்கியது, கரும்புகை கக்கியது.

இனி இதை எவன் வாங்குவான்?

கார் வாங்க வந்தவர் குனிந்து, கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்.

“எப்பவும் இப்படித்தாங்க. நாலு மெக்கானிக் கைவிட்டுட்டாங்க,” என்றார் கணவர், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

“அப்படியா? இப்பவே எடுத்துக்கிறேன்!”

“எ... எதுக்குங்க?”

“ரிட்டயர் ஆயிட்டேன். ஞாயித்துக்கிழமை உக்காந்து டியூன் பண்ண எனக்கு ஒரு இன்ஜின் வேணும். நேத்து ஒரு கார் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியல. அதுல எனக்கு என்ன வேலைன்னு திரும்பிட்டேன்.”

கணவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது.

வந்தவர் அதை எடுத்துத் துடைத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“இதுவும் காரோட சேர்ந்ததுதானே?”