இருநூறு கிலோமீட்டர்

"எடுத்த எடுப்பிலேயே நிறைய நடந்துடாதீங்க ஐயா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க," என்றது பாதயாத்திரை ஆலோசனை மையத்துக் குரல்.

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எழுபது வயசுல இருநூறு கிலோமீட்டர் தாங்குமா தம்பி?"

"தாராளமா. கால் எரிஞ்சா உடனே உட்கார்ந்துடுங்க. கொப்புளம் வர்ற வரைக்கும் வீம்பு பிடிக்காதீங்க."

மூன்று வாரமாகத் தினமும் காலை பத்து மணிக்கு இந்தப் பேச்சுதான். ஒரு நாள் ஷூ, ஒரு நாள் தண்ணீர், இன்னொரு நாள் பையின் எடை. போனை வைத்துவிட்டால் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுவதைத் தவிர வேறு சத்தமே இருக்காது.

"வேற ஏதாவது சந்தேகம்?"

யோசித்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "அவ்வளவுதான் தம்பி..."

"இடது முட்டிக்கு மறக்காம பட்டை போட்டுக்குங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டியைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை.

"முதல் நாளே குரல் தெரிஞ்சிடுச்சுப்பா. பத்து நாள் லீவு சொல்லிட்டேன். சேர்ந்தே நடக்கலாம்."

தன் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை என்று ஒன்பது வருஷமாகப் பேசாத மகன். அவன் அங்கே வேலை பார்ப்பது தெரிந்ததும், குரலையாவது கேட்கலாமே என்றுதான் அவர் கூப்பிட ஆரம்பித்தார். யாத்திரை போகும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா," என்றார். "யாத்திரை என்னிக்குக் கிளம்புது?"