சிரித்தால் திறக்கும் பெட்டி

நோயாளி சிரித்தால்தான் மருந்துப் பெட்டி திறக்கும். மருந்து தரும் அறக்கட்டளைக்கு, நன்றி முகத்தில் தெரிய வேண்டுமாம். டில்லிபாபுவுக்கோ முகவாதம், வாய் கோணி மூன்று நாள் ஆகிறது. இன்றைக்குள் மாத்திரை போடாவிட்டால் அப்படியே நின்றுவிடும். சுகாதாரப் பணியாளர் ஜெசிந்தா பெட்டியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அரைச் சிரிப்பு. மனநிறைவு போதாது,” என்றது பெட்டி.

“அந்த வாய நேராக்கத்தான் மாத்திரையே கேக்குறேன், சனியனே,” என்றாள் ஜெசிந்தா.

“அவரு கல்யாண போட்டோலயே சிரிக்கலக்கா,” என்றாள் அவர் மனைவி அமுலு.

ஜெசிந்தா தொங்கிய கன்னத்தைத் தூக்கி, காதோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அது தெரியாமலிருக்கத் தலையில் துண்டைக் கட்டிவிட்டாள். பெட்டி உடனே திறந்தது.

அறக்கட்டளைக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. பெட்டி எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தெருமுனையில் வைத்தார்கள். இனி எல்லா நோயாளிகளும் அதே அளவு சிரிக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

இப்போது ஜெசிந்தாவைக் கண்டால் தெருவே கன்னத்தைக் காட்டிக்கொண்டு பிளாஸ்திரிக்கு வரிசையில் நிற்கிறது. பிரஷர் மாத்திரைக்காக டில்லிபாபுவும் நிற்கிறார். வாய் நேரான பிறகு அவருக்கே அந்தச் சிரிப்பு வரவில்லை.