குதிரையில் இடம்

வெயில் சாய்கிறது. கூரைமேல் நிற்கும் அரண்மனை அதிகாரி, யாரும் உடுத்தாத புதுப் பட்டு அங்கியை வடக்குப் பார்த்து அசைத்து, "இளவரசியாரே, திரும்பி வாருங்கள்!" என்று கூவுகிறார். போரில் செத்து, உடலும் கிடைக்காமல் போன தன் அக்காவுக்குப் பேரரசர் இப்போதுதான் பட்டம் கொடுத்திருக்கிறார். ஆவியை அங்கியில் அழைத்துக் கல்லறையில் வைக்க வேண்டும். ஏணியைப் பிடித்திருக்கும் வேலைக்காரன் என்னைத் தள்ளிக்கொண்டு, செத்தவளின் மகள் ருவோலான் தாயின் பழைய சணல் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறாள். அதன் கழுத்தில் வேர்வைக் கறை இன்னும் மஞ்சளாக இருக்கிறது.

"இறங்குய்யா! எங்கம்மா தொடாத துணியக் காட்டி, எவளோ இளவரசியக் கூப்பிட்டா அவ எப்படி வருவா?"

"வாய அடக்கும்மா. உன் மாமன், பேரரசரே குடுத்த பட்டம்" என்கிறார் அதிகாரி.

"மாமனா? எதிரி துரத்துறப்ப, 'மூணு பேர குதிரை தாங்காது, நீ போடா'ன்னு அம்மா சொன்னா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாம போனாரு. நான் தினைக்காட்டுக்குள்ள கிடந்து பாத்தேன்."

அதிகாரி விலகுகிறார். அவர் காலடியில் ஓடு ஒன்று நொறுங்குகிறது. ருவோலான் சட்டையை உதறி, தாயின் வீட்டுப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறாள்:

"அம்மா! ஆஹெங்! வந்துடு! உன் தம்பி குதிரையில இப்ப எடம் இருக்காம்!"