பின் பிரேக்

"அடப்பாவி! என்ன காரியம் பண்ற நீ?"

வீட்டில் கணவரின் சைக்கிளைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தவள், கூட வந்தவரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு சைக்கிள் கடைக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

சைக்கிள் தலைகீழாக நின்றது. கொழுந்தன் அதை இறுக்கிப் பிடித்திருக்க, கடைக்காரர் அதன் பின்பக்கக் குழாயில் டிரில் வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பிரேக் மாட்டறோம் அண்ணி. முன்னாடி மாட்டியாச்சு. பின்னாடிக்குத்தான் ஓட்டை இல்ல."

பிரேக்கா! அந்த சைக்கிளுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் காலாலேயே மிதியை அடக்க வேண்டும். அதில்தான் அவள் கணவருக்கு அத்தனை பெருமை. அதைத் துடைக்கிற துணியைக்கூட வீட்டில் யாரும் தொடக்கூடாது.

அந்த மனுஷன் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தம்பி இங்கே ஓட்டை போடுகிறான்!

"உனக்கு ரொம்ப நாளாவே இந்த வண்டி மேல ஒரு கண்ணு. பிரேக் இல்லாம ஓட்ட வராது உனக்கு, அதான் உன் வசதிக்கு மாத்திக்கறே. அவர் எழுந்து வர்றதுக்குள்ள அப்படி என்ன அவசரம்? நீயெல்லாம் கூடப்பிறந்தவனா?"

கடைக்காரர் டிரில்லை நிறுத்திவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தார்.

"எனக்கில்ல அண்ணி. அண்ணனுக்குத்தான்."

"அவருக்கா? யார் காதுல பூ சுத்தறே?"

"நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து கிளம்பினப்புறம் டாக்டர் வந்து சொன்னார். அண்ணன் நடந்துடுவானாம். சைக்கிளும் மிதிப்பானாம். ஆனா மிதியை அடக்கி நிறுத்தற பலம் மட்டும் அந்த வலது காலுக்கு இனிமே வராதாம்." கைப்பிடியிலிருந்த புது பிரேக்கை ஒருமுறை அழுத்திக் காட்டினான். "காலால முடியலைன்னா என்ன, கையால நிறுத்திட்டுப் போறான். பின் சக்கரத்தையும் மாத்தச் சொல்லிட்டேன், மிதிக்காட்டியும் உருளும். அவன் வீட்டுக்கு வர்றப்போ வண்டி தயாரா நிக்கணும் அண்ணி. இல்லேன்னா மனசு விட்டுடுவான்."

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

வாசலில் நின்றவர் பொறுமையிழந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, விக்கணும்னு சொன்னீங்களே, அந்த சைக்கிள் இதுதானா?"