ஊசி மூடி

என் வீட்டுக்காரர் இன்சுலின் ஊசியின் மூடியைப் பல்லால் கடித்துத்தான் கழற்றுவார். போட்டு முடித்ததும் மறுபடி மாட்டப் போவார்.

"மாட்டாதீங்க, கையில குத்திடும்" என்று கத்தி, மூடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுவேன். ஊசியை மட்டும் உள்ளே இருப்பது தெரியும் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போடச் சொல்வேன். கடைசி நாள்வரை இதே சண்டைதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, டப்பாவை டேப் சுற்றி மருந்துக்கடையில் ஒப்படைக்கப் போனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லா ஊசிக்கும் மூடி மாட்டி வச்சிருக்கீங்க?"

வாங்கிப் பார்த்தேன். நான் ஒட்டிய டேப் பிரியவில்லை.

"இப்பவும் பிடிவாதமா?" என்று டப்பாவிடம் கேட்டேன். இன்னொரு சுற்று டேப்பை இறுக்கி ஒட்டி, கடைக்காரர் கையிலேயே கொடுத்தேன்.

டப்பாவுக்குள் மேலாகக் கிடந்த ஊசியின் மூடியில் பல் பதிந்த இடம் ஈரமாக இருந்தது.