சலோமியின் சாட்சி

ஒன்பது வயது மகள் பெர்சியாளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து அது மூன்றாம் ஞாயிறு. கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டதும் சலோமி எழுந்தாள்.

"அவ காய்ச்சல்ல கெடந்த இருபத்தொரு நாளும் உபவாசமிருந்து என் பிள்ளை உயிரைக் கேட்டேன். அவர் தரல. இதுதான் என் சாட்சி."

"எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா. உட்காருங்க," என்றார் போதகர்.

"அதை அவரே எங்கிட்ட சொல்லட்டும் ஐயா."

போதகர் அவசரமாக ஜெபத்தைத் தொடங்கினார். சபை முழங்காலிட்டது. சலோமி மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்திலிருந்த நாத்தனார் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மதினி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இனி வாராவாரம் வந்து இப்படித்தான் நிப்பேன். அவரும் பாக்கட்டும்."

கண்மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்த போதகருக்குத் தெரியவில்லை, முன்வரிசையில் அவருடைய மனைவியும் எழுந்து நின்றுவிட்டது.