பழைய சிவப்பு

அகழாய்வுக் குழிக்குள் இறங்குமுன் மேலே நட்டிருக்கும் கல்லுக்கு ஒரு பொட்டுக் குங்குமம் வைப்போம். மண் சரியாமல் இருக்க எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். அன்று பதினோராவது அடியில் சோலையம்மாளின் களைக்கொத்து எதிலோ தட்டி நின்றது. மண்ணை விலக்கினால் முழ உயரத்தில் ஒரு கல், அதே மாதிரி நட்டுவைத்தது. முன்னால் மூன்று சிறு கலயங்கள்.

“யக்கா, மேல இருந்த சாமி நமக்கு முந்தி எறங்கிருச்சு” என்று சொன்ன, கூட மண் அள்ளும் பூலானுக்கே சிரிப்பு வரவில்லை.

தொல்லியல் ஆபீசர் ஏணியில் இறங்கி வருவதற்குள் சோலையம்மாள் முந்தியில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்துக் கல்லின் உச்சியில் அப்பிவிட்டாள்.

“என்னம்மா செஞ்ச? மூவாயிரம் வருசமா யார் கையும் படாத கல்லு.”

“தெரியலய்யா. கை தானாப் போயிருச்சு.”

“மேல ஏறு. நாளையிலேருந்து வேலைக்கு வராத.”

அவள் புருஷன் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறான். நான் பேச வாயெடுத்தேன். ஆபீசர் காதில் வாங்காமல், மெல்லிய பிரஷால் குங்குமத்தைத் தட்டித் தட்டி எடுத்தார். முழுக்கப் போன பிறகும் கல் சிவப்பாகவே இருந்தது. இறுகிக் காய்ந்த செங்காவி. அதன் நடுவில் ஒரு விரல் அழுத்திய பள்ளம், ரேகைகூட அழியாமல்.

ஏணியில் பாதி ஏறியிருந்தவளை அவர் கூப்பிட்டார். அவள் விரலை அந்தப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதே அளவு. பிரஷ் கீழே விழுந்தது.

“அப்ப நாளைக்கு வரட்டாங்கய்யா?”

அவர் குங்குமம் ஒட்டிச் சிவந்துபோயிருந்த தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.